ஓரகத்தியின் மாத்திரை

அந்த வீட்டுச் சின்ன மருமகள் மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தவள். ஒரு சமயம் தூக்கமே அற்றுப்போய், பேச்சும் சிரிப்பும் கட்டுக்கடங்காமல் ஓட, கணவன் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனான். அவர் கொடுத்த மாத்திரை மனத்தை இழுத்துப் பிடித்து நிறுத்தியது. உடம்புதான் ஊதிப்போயிற்று. அதையும் பொறுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.

அதைக் கெடுத்தவள் பெரிய மருமகள். தான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு வந்த அந்தப் பள்ளித் தலைமையாசிரியையிடம், அவள் பைத்தியத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், பிள்ளைகளை நம்பி விடுகிறீர்களே என்று அக்கறைபோலப் போட்டுக்கொடுத்தாள். டீச்சர் வேலை போயிற்று. அதற்குப்பின் சின்னவள் வீட்டில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலும், "இன்னைக்கு மாத்திரை போடலையா?" என்பாள் பெரியவள். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாள் பார்த்திருந்தாள்.

பிறகு பெரியவளுக்கே மனச்சோர்வு வந்தது. அதற்கான மருந்து மட்டும் போதவில்லை என்று மருத்துவர் கூடவே இன்னொன்றைச் சேர்த்தார். துணி அடுக்கப் போன சின்னவள், பெரியவளின் அலமாரிக்குள் ஒளித்திருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தாள். தன்னுடைய அதே மாத்திரை. அவள் வயிறு குளிர்ந்தது.

ஞாயிறு மதியம், பெரியவளின் பிறந்தவீட்டாரும் வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, பரிமாறிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதானாமே. இனிமே யார் பைத்தியம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பெரியவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். சின்னவள் அன்று இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அவமானத்தில் பெரியவள் மருந்தையெல்லாம் நிறுத்திவிட்டாள். சீக்கிரமே படுத்த படுக்கையானாள். புருஷன் கெஞ்சியும் கேட்கவில்லை. கடைசியில் சின்னவளே உள்ளே போய்க் கட்டிலருகே நின்றாள்.

"மன்னிப்புக் கேக்க வரலை. நீங்க என் வேலையப் பறிச்சது இன்னும் எரியுது. ஆனா இந்த மருந்தை நீங்களா நிறுத்தக்கூடாது. டாக்டர்கிட்ட போகலாம், எழுந்திருங்க. இப்படிச் சுருண்டு கெடக்கிறவங்ககிட்ட நான் எப்படிச் சண்டை போடுறது?"

பெரியவள் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு செருப்பு எங்கே என்று கேட்டாள்.

தேறி எழுந்தபின், அடுப்பை யார் துடைக்காமல் விட்டது என்று இருவருக்கும் ஒருநாள் சண்டை மூண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். சின்னவள் ஒரு வார்த்தைகூட விட்டுக்கொடுக்கவில்லை.