மஞ்சள் மைனஸ் எட்டு

1

உண்மையின் வாடகை, அரை நாளைக்கு முந்நூறு. கணினித் திரை நிறங்களைப் பொய்யாகக் காட்டினால் கண்டுபிடித்துத் திருத்துகிற கருவிக்குக் கேமரா கடைக்காரர் சொன்ன விலை அது. என் கதாநாயகி இருநூற்றைம்பதுக்கு முடித்தாள். பேரம் பேசாமல் உண்மையை வாங்குகிறவளை நான் கதையில் சேர்ப்பதில்லை. வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன். எனக்கும் மானம் இருக்கிறது.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதில் ஒரே ஒரு பேச்சுதான் நான் காதால் கேட்டது. பாஸ்போர்ட் போட்டோவுக்காகப் பிரிண்ட் லேபுக்குள் நுழைந்தபோது லேப்காரர் போனில் சொன்னது. அது கடைசியில் வரும். மற்றதெல்லாம் அதைக் குடிவைக்க நான் கட்டிய வீடு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘திரை என்பது ஒரு கண்ணாடி, அதில் நாம் காண்பது—’

அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

மறுபடியும்: கணவர் படம் எடுப்பவர். மனைவி அதைக் கணினியில் திருத்துபவள். கல்யாண ஆல்பம் என்றால் அவளை அடிக்க ஆளில்லை. ‘நேர்ல பாத்த மாதிரியே இருக்கு’ என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, ‘நேர்ல அக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டுக்குள் மட்டும் ஆறு வருடமாக ஒரு சண்டை.

“மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கே?”

“மஞ்சள் உங்க கண்ணுல இருக்கு. பிரிண்ட்ல சரியாத்தானே வருது?”

அதற்குமேல் அவர் வாயைத் திறக்கமாட்டார். பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு லேபுக்குக் கிளம்பிவிடுவார்.

(இந்த மௌனத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மலிவாகத் தருகிறேன், சரக்கு நல்ல சரக்கு.)

3

இன்று காலை அவர் படமெடுக்கப் போனதும் கருவியோடு உட்கார்ந்தாள். அவரை ஜெயித்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. திரையை அரை மணி நேரம் சூடாக விட்டாள். ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினாள். கணினித் திரையின் கண்ணாடியைத் துடைத்தாள். குட்டி ஆமை மாதிரி இருந்த கருவியை ஒயரில் தொங்கவிட்டு, திரையின் நட்டநடுவில் ஒட்டவைத்தாள்.

சிவப்பு. பச்சை. நீலம். சாம்பல், இன்னும் கறுத்த சாம்பல். ஒவ்வொன்றாகத் திரை பளிச்சிட, பரீட்சை முடிவு பார்க்கிறவள்போல நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

முடிவு வந்தது. திரையில் நீலம் அதிகம். அந்த நீலத்தை ஈடுகட்டத்தான் ஆறு வருடமாக, தன்னையறியாமல், படங்களில் மஞ்சளைக் கொட்டியிருக்கிறாள்.

திருத்திய திரையை ஒரு தடவை பார்த்தாள். “அடேயப்பா!” வெள்ளை இவ்வளவு வெள்ளையா! தோற்றது மறந்துபோயிற்று. நாளை காலை கொடுக்கவேண்டிய கல்யாணப் படங்கள் இருநூறையும் பரபரவென்று மறுபடி திருத்தினாள். முகங்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன.

மத்தியானம் அவர் வந்தார். அவள் மூச்சுவிடவில்லை. பிரிண்ட் வரட்டும், அப்புறம் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம் என்று ஒரு சின்ன வீம்பு. பென்டிரைவை எடுத்துக்கொண்டு அவர் போனார். அவருடைய போன் மேசையிலேயே கிடந்தது.

4

சும்மா இருக்கமுடியாமல் போன மாத ஆல்பத்தைத் திரையில் திறந்தாள். கல்யாண வீடு முழுக்கக் காமாலை! அலமாரியிலிருந்த அதன் பிரிண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் எல்லாம் கச்சிதம்.

லேபுக்கு போன் போட்டாள். “தம்பி, என் படத்துல நீங்க ஏதாச்சும் மாத்துறீங்களா?”

“வழக்கமான மைனஸ் எட்டுதான் அண்ணி. ஆறு வருஷமா ஒவ்வொரு ஆர்டருக்கும் அண்ணன் பக்கத்துலயே நின்னு மஞ்சளை எட்டு இறக்கச் சொல்வாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம்கூட… ஐயையோ!”

(இந்தக் கணவர்மேல் எனக்கே சந்தேகம். இப்படி ஒருத்தர் இருப்பாரா என்று என் மனைவியிடம் கேட்டேன். “இருப்பாரு. ஆனா ஒரு ஆம்பளை ஆறு வருஷம் இதைச் சொல்லிக்காட்டாம இருந்தாருன்னா யார் நம்புவா? ரெண்டு வருஷம்னு போடுங்க.” பேரத்தில் மூன்றுவரை ஏறிவந்தாள். நான் ஆறிலேயே நின்றேன்.)

5

அவள் சட்டென்று இன்று திருத்தியதைத் திரையில் திறந்தாள். இன்றைய படங்களில் கூடுதல் மஞ்சள் இல்லை. அதிலும் எட்டை இறக்கினால் மணப்பெண் உட்பட இருநூறு படமும் நீலம் பாரித்துவிடும். ‘நேர்ல அக்கா’ என்ற பெயர் நாளை காலையோடு சரி.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: “அவர்கிட்ட போனைக் குடுங்க” என்று ஒரு பிடி பிடிக்கிறாள். நன்றாக விற்கும்.

இரண்டு: லேப்காரரிடம் ரகசியமாக, “அவர் எட்டு சொல்லட்டும், நீங்க பூஜ்யம் வைங்க” என்கிறாள். இனிமேல் ரகசியம் காப்பது அவள் முறை. இதை எழுதும்போது எனக்கு உடம்பு புல்லரித்தது, அதனாலேயே நம்பவில்லை.

மூன்று: அவள் அழுது, அவர்—

வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். லேபின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, தோளில் கேமராப் பையோடு ஒருவர் உள்ளே போனார். பின்னாலேயே நான். லேப்காரர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு போனில் கிசுகிசுத்தார்:

“அண்ணி, அண்ணன் எதிர்லதான் நிக்கிறாரு. என்ன செய்யட்டும்?”

அந்த நேரம் பார்த்து உள்ளே பெரிய மெஷின் இரைய ஆரம்பித்தது. அவள் பதில் என் காதில் விழவில்லை, அதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். கணக்கை மட்டும் முடித்துத் தருகிறேன்.

ஆறு வருடம்: அவள் கூட்டிய மஞ்சள் எட்டு, அவர் கழித்தது எட்டு, மீதி பூஜ்யம்.

இன்று: அவள் கூட்டியது பூஜ்யம். அவர் கழிக்கப்போவது எட்டு.

அந்த எட்டு உங்கள் பெயரில் நிற்கிறது.