யாகப்பர் பதக்கம்

முந்தானையில் முடிந்து கொண்டுவந்த யாகப்பர் பதக்கத்தை அவிழ்த்து, நகைக்கடை யோகநாதனின் மேசையில் வைத்தாள் யூலிற்றா. கயிறு கோர்க்கிற வளையம் கழன்று போயிருந்தது. அதை மறுபடி ஒட்டுவிக்கத்தான் அளம்பிலிலிருந்து காலை பஸ் பிடித்துக் கிளிநொச்சிக்கு வந்திருந்தாள். முல்லைத்தீவிலும் கடைகள் இருக்கின்றன. ஆனாலும் யோகநாதன் முன்பு அங்கே கடை வைத்திருந்தபோது அவளுடைய கலியாணத் தாலியைச் செய்தவர். அவர் கையில் கொடுத்தால்தான் அவளுக்கு மனம் ஆறும்.

"தம்பி வின்சன் புது வள்ளம் இறக்கப்போறான். அதிலை கட்டவேணும்" என்றாள்.

யோகநாதன் அதை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். உரைகல்லில் ஓரத்தை மெல்லத் தேய்த்தார். பிறகு கண்ணாடி மேசையில் செங்குத்தாக நிறுத்திச் சுண்டிவிட்டார். அது கணீரென்று சுழன்று படுத்தது.

"நல்ல வெள்ளி அக்கா. ஆனா இது பதக்கமில்லை. காசு."

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? ஒரு பக்கம் மாதா, மற்றப் பக்கம் குதிரையிலை புனித யாகப்பர். கண் தெரியேல்லையோ உங்களுக்கு?"

அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. அந்தப் பதக்கம் அவளுடைய அம்மா மதலேனாளின் சொத்து. அப்பா கடலுக்குப் போகும்போதெல்லாம் அம்மா அதை அவருடைய நெற்றியில் ஒற்றி, பிறகு தன் உதட்டில் ஒற்றிக்கொள்வா. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதான் மருந்து. கடைசிச் சண்டையில் மாத்தளன் மணலில் பங்கருக்குள் கிடந்தபோது, ஷெல் கூவுகிற ஒவ்வொரு தடவையும் யூலிற்றாவின் தலையிலும் வின்சனின் தலையிலும் அதை மாறி மாறி அழுத்தினா. அம்மா முகாமில் கண்ணை மூடிய அன்று, அது அவவின் கைக்குள்தான் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுக்கவேண்டியிருந்தது.

யோகநாதன் வாக்குவாதப்படவில்லை. உருத்திரபுரத்து மயில்வாகனத்துக்குப் போன் அடித்தார். மயில்வாகனம் வயல் செய்கிறவர். பழைய காசென்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. தேநீர் ஆறுவதற்குள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். காலில் வயற்சேறு காய்ந்திருந்தது. சட்டைப்பையில் பூதக்கண்ணாடி.

காசைக் கண்டதும் அவர் உடனே தொடவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, விளிம்பில் பிடித்துத் தூக்கினார்.

"ஐயோ பிள்ளை, இது உங்களிட்டை எப்பிடி வந்தது?" குரல் தாழ்ந்துவிட்டது. "இது இங்கிலாந்துக் காசு. கிறவுண் எண்டு சொல்லுறது. அஞ்சு சிலிங்."

"அஞ்சு எண்டு எங்கையாவது எழுதியிருக்கோ?" என்றாள் யூலிற்றா விடாமல்.

"அதுதான் விசயம். இந்தக் கிறவுணிலை பெறுமதி எழுதமாட்டினம். அதாலைதான் ஆக்கள் பதக்கம் எண்டு நினைக்கிறது." அவர் பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தார். "குதிரைக்குக் கீழை பாருங்கோ. செட்டை தெரியுதோ? வால் சுருண்டு கிடக்குதோ?"

அவள் குனிந்து பார்த்தாள். யாகப்பரின் குதிரைக் காலுக்கடியில் கிடப்பது எதிரிச் சிப்பாய் என்றுதான் அம்மா சொல்லுவா. தேய்ந்த வெள்ளிக்குள்ளிருந்து இப்போது ஒரு சிறகு மெல்ல எழுந்து வந்தது.

"அது பறவைநாகம். குதிரையிலை இருக்கிறவர் யாகப்பரில்லை, ஜோர்ஜியார்."

"அவரும் அர்ச்சிட்டர்தானே" என்று முணுமுணுத்தாள். பிறகு காசைத் திருப்பினாள். "இது? முக்காடும் சின்ன முடியும். மாதா இல்லாமல் வேறை ஆர்? மரியா எண்டு எழுத்தும் கிடக்கு."

எழுத்தைக் கண்டுபிடித்தவளே அவள்தான். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எழுத்துப் படித்த புதிதில், தேயாமல் மிஞ்சியிருந்த மூன்று எழுத்தைக் கூட்டி 'ரியா' என்று வாசித்து, "அம்மா, மரியா எண்டு கிடக்கு" என்று கூவியிருந்தாள். அன்று அம்மா அயல் முழுக்க அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. குசினியில் ஆசையாக அவளுக்கென்று ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தா.

மயில்வாகனம் காசை வெளிச்சத்துக்குச் சரித்தார். 'ரியா'வுக்கு முன்னால் இன்னும் சில எழுத்துகளின் நிழல் தெரிந்தது. அவள் எண்ணிப் பார்த்தாள். மரியாவுக்கு அவ்வளவு எழுத்து வேண்டியதில்லை.

"விக்டோரியா மகாராணி. முக்காடு போட்டு, உச்சியிலை சின்ன முடி வைச்ச இந்த முகம் கொஞ்சக் காலந்தான் அடிச்சவை. ஆண்டிலை கடைசி இலக்கம் தேஞ்சு போச்சு. ஆயிரத்து எண்ணூற்று எண்பதுக்கு மேலை ஏதோ ஒரு வருசம்."

யூலிற்றா கதிரையில் சாய்ந்தாள். அம்மாவின் உதடு தேய்த்துத் தேய்த்து மழுங்கின ஒரு வெள்ளைக்காரியின் கன்னம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"என்னட்டை ஒரு போத்தல் நிறையக் காசு இருந்தது" என்றார் மயில்வாகனம். "இடம்பெயரேக்கை மாமரத்தடியிலை தாட்டனான். வந்து பாத்தா மரமுமில்லை, வளவின்ரை அடையாளமுமில்லை. அதுக்குள்ளையும் இது இருக்கேல்லை. இண்டைக்குத்தான் கையிலை தொடுறன்." அவர் அதை மறுபடி ஏந்திக்கொண்டார். "அந்த நாளிலை இலங்கையிலை ரூபாயும் சதமுந்தானே. சிலிங் இங்கை கடையிலை செல்லாது. கப்பல்காரன் ஆரும் குடுத்தாத்தான் உண்டு."

யூலிற்றா நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னனீங்கள்? கப்பல்காரனோ?"

அம்மாவின் தாத்தா சவுரிமுத்தரை அந்தக் காலத்து ஊர் 'புளுகர்' என்றுதான் சொல்லுமாம். சோளகக் காற்று மூர்க்கமாய் அடித்த ஒரு நாளில் கரை தட்டிய பாய்க்கப்பலுக்குத் தனியாக வள்ளம் விட்டு, வெள்ளைக்காரரை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தாராம். கப்டன் அழுதழுது தன் பையிலிருந்ததை எடுத்துக் கையில் வைத்தானாம். அவர் இதைச் சொல்லத் தொடங்கினாலே ஆட்கள் எழும்பிப் போய்விடுவார்களாம். அம்மாவே சிரித்துக்கொண்டுதான் சொல்லுவா. யாரோ சுவாமியார் கொடுத்த பதக்கம் அது என்பதுதான் அவவின் எண்ணம்.

யூலிற்றா இதைச் சொல்லி முடித்ததும் மயில்வாகனம் காசை மேசையில் மெல்ல வைத்தார்.

"நான் சத்தியம் பண்ணமாட்டன் பிள்ளை. ஆனா இந்தக் காசு அவரின்ரை கதைக்குப் பொருந்துது."

வளையத்தை மறுபடி ஒட்டினால் காசு இன்னும் பழுதாகும் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "விக்கிறதுக்கில்லை ஐயா, கட்டுறதுக்கு" என்றாள் அவள். யோகநாதன் ஊதுகுழாயை எடுத்தபோது மயில்வாகனம் றோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பின்னேரம் வின்சன் கடற்கரைக் குடிசையான வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். முழுவதையும் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"அப்ப இவ்வளவு காலமும் அம்மா மகாராணியையோ கொஞ்சினவா?"

"ஓம். நீயுந்தான்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அம்மா போனபிறகு அவவை நினைத்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு அடங்கியதும் வின்சன் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தான்.

"அக்கா, அந்த மனுசன் தனியப் போயிருக்கு. சோளகத்திலை. நான் எண்டாப் போகமாட்டன்."

வள்ளத்துக்கு என்ன பெயர் எழுதுவது என்று அவன் அதுவரை முடிவு செய்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தபோது, வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நீலப் பெயின்றில் 'சவுரிமுத்து' என்றிருந்தது. பக்கத்து வளவு றஞ்சனி யூலிற்றாவின் முழங்கையைச் சுரண்டினாள்.

"ஆரக்கா இது சவுரிமுத்து? உங்கடை ஆக்களிலை அப்பிடி ஒருத்தரும் இல்லையே?"

"இருந்தவர்" என்றாள் யூலிற்றா. மணலில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, றஞ்சனியையும் இழுத்து இருத்திக்கொண்டாள். "கேள். அண்டைக்குச் சரியான சோளகம்..."