வாசல் பலகை

ராஜகீழ்ப்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் ஞானஜோதி தனியாக இருந்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர். போலியோவால் நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். போன வருட மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, ஆள் வரும்வரை கட்டிலிலேயே மாட்டிக்கொண்டாள். அதன்பிறகு வாசலில் செருகி எடுக்கிற மாதிரி ஓர் இரும்புப் பலகை செய்துகொண்டாள்.

சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்திக்கு அது பிடிக்கவில்லை. கட்டட முகப்பை யாரும் மாற்றக்கூடாது என்று விதி காட்டினார். பலகையில் முட்டுகிற தண்ணீர் கார் நிற்கும் பக்கம் திரும்புகிறது என்பதுதான் அவருடைய கவலை என்று மேல்வீட்டு ஷீலா சொல்லியிருந்தாள்.

அதனால், புயல் எச்சரிக்கை வந்த அன்று அவரே வந்து பரிவாகப் பேசியபோது ஞானஜோதிக்கு எங்கோ இடித்தது.

"மேல எங்க வீட்டுக்கு வந்துடுங்க மேடம். சாயங்காலம் லிஃப்ட்ட நிறுத்திடுவோம்."

"பலகை அப்படியே இருக்கும்ல சார்?"

"முதல்ல நீங்க பத்திரமா வாங்க. அத அப்புறம் பார்த்துக்கலாம்."

"லிஃப்ட்ட திரும்ப எப்போ போடுவீங்க?"

"மழை விடட்டும்."

மேலே போய்விட்டால் அவளால் இறங்க முடியாது. பலகையை உருவ இரண்டு பேர் போதும்.

வெளியே வந்து, வாட்ச்மேன் ரவியிடம் பலகையைச் செருகச் சொன்னாள். லிஃப்ட் வாசலில் நாற்காலியைப் பாதி உள்ளே, பாதி வெளியே நிறுத்தினாள். கதவு மூட வந்து, இடித்து, திறந்துகொண்டது. பின்னால், மேலே போகத் தண்ணீர் கேனோடு ஷீலா காத்து நின்றாள்.

"உள்ள போங்க மேடம்," என்றார் தட்சிணாமூர்த்தி.

"பலகைய யாரும் எடுக்க மாட்டாங்கன்னு குரூப்ல போடுங்க சார். போறேன்."

"என்னை நம்ப மாட்டீங்களா?"

"மாட்டேன் சார்."

அவர் முகம் சுண்டியது. "அத்தனை காருக்கும் யாரு பதில் சொல்றது?"

"கார மேம்பாலத்துல கொண்டுபோய் விடலாம். என் வீட்ட எங்க கொண்டுபோய் விடறது?"

ஷீலா கேனைக் கீழே வைத்தாள். "போட்டுடுங்க சார். கை வலிக்குது."

அவர் போனில் தட்டினார். ஞானஜோதி அதைப் படித்துப் பார்த்த பிறகே நாற்காலியை நகர்த்தினாள். ஆனால் அவள் போனது தட்சிணாமூர்த்தி வீட்டுக்கு அல்ல. ஷீலா வீட்டுக்குப் போய், தன் வாசல் தெரிகிற ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

மழை வலுத்தபோது தட்சிணாமூர்த்தி குடையோடு அவள் வாசல் முன் வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். காரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மழை விட்டும் லிஃப்ட் ஓடவில்லை. பலமுறை போன் செய்த பிறகுதான் போட்டார்கள். இறங்கி வந்து பார்த்தாள்: வீட்டில் ஓர் ஓரம் மட்டும் ஈரம்.

அடுத்த கூட்டத்தில், மாற்றுத்திறனாளிகள் வெள்ளத் தடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று விதி சேர்த்தார்கள். தட்சிணாமூர்த்தி வாசித்தார். லிஃப்ட்டைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

ஞானஜோதி கையைத் தூக்கினாள்.