ஒரு கை ஏணிக்கு

கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் இரண்டையும் எடுத்து வைத்தார். ஒன்று, கேமராவின் அடியில் மாட்டுகிற மோட்டார். படம் எடுத்ததும் ஃபிலிமைத் தானே சுற்றிவிடும். மற்றது அதே வேலைக்கு விரலால் இழுக்கிற விசை. அவள் விசையைத்தான் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள். ஃபிலிம் நகர்வது விரலுக்கே தெரிந்தது.

"மோட்டாரைக் குடுங்க," என்றார் அண்ணன். "மேல போனா ஒரு கை கேமராவுக்கு, ஒரு கை ஏணிக்கு. மூணாவது கைக்கு எங்க போறது?"

"பேட்டரி பாதியில படுத்துக்கிட்டா?"

"இறங்கி வந்துடு. அது படுத்துக்கலாம், நீ படுத்துக்கக் கூடாது."

கடைக்காரர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் தொழிற்சாலைப் புகைபோக்கிகளில் ஏறிப் பூச்சுவேலை செய்கிறவர். உயரம் அவருக்குச் சொந்த வீட்டு மாடி மாதிரி. அவள் ஸ்டுடியோவில் உட்காரவைத்துக் குடும்பப் படம் எடுக்கிறவள். பழைய புகைபோக்கி ஒன்றில் விரிசல் விட்டிருக்கிறது, இடித்தே ஆகவேண்டும் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். மேலாளர் நம்பவில்லை, பூசினால் போதும் என்றார். அண்ணனே எடுத்துக் காட்டிய படங்கள் எல்லாம் கலங்கியிருந்தன. அதனால்தான் தங்கை.

கடைசியில் பயம்தான் முடிவு செய்தது. மோட்டாரையே வாங்கினாள்.

மறுநாள் காலை அவள் முன்னால் ஏற, அண்ணன் அவள் காலடியிலேயே வந்தார். கண்ணெதிரே இருந்த செங்கல்லை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினாள். பாதிக்கு மேல் ஏணி லேசாக ஆடியது. ஏணி அல்ல, புகைபோக்கியே ஆடுகிறது என்று உறைத்தபோது கம்பியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"காத்தடிச்சா எல்லாமே ஆடும்," என்றார் அண்ணன் கீழிருந்து. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவர் பாடுபட்டுச் சாதாரணமாக வைத்துக்கொண்ட குரல் அது என்று தங்கைக்குத் தெரியாதா?

விரிசல் தொடங்கும் இடத்தில் இடுப்புப் பட்டையின் கொக்கியை ஏணியில் மாட்டினாள். தூரத்தைக் கீழேயே கணித்து லென்ஸில் வைத்திருந்ததால் பொத்தானை அமுக்குவது மட்டுமே வேலை. ஒவ்வொரு படத்துக்கும் மோட்டார் முனகிச் சுற்றியது. இன்னும் கொஞ்சம் ஏறினால் விரிசலில் முழங்கை நுழையும். அங்கே போய்க் கொக்கியை மறுபடி மாட்டி, ஓரத்தை ஒன்று எடுத்ததும் முனகல் இழுத்து இழுத்து நின்றுபோனது.

"இறங்கிடும்மா. போதும்."

"அகலமான இடம் இன்னும் எடுக்கல."

"இறங்குன்னு சொல்றேன்ல."

இதுவரை எடுத்ததைக் காட்டினால் மேலாளர் பூசத்தான் சொல்வார். கேமராவின் மேலே ஃபிலிமைக் கையால் சுற்றுகிற நெம்புகோல் இருக்கிறது. ஆனால் விரல்கள் ஏணியைப் பிடித்துப் பிடித்து விறைத்திருந்தன. கேமராவை ஒரு கையால் பிடித்து மறு கையால்தான் தள்ள முடியும். விடு என்று சொன்னாள், இடது கை கேட்கவில்லை. விரல் விரலாகத்தான் கம்பியிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. உடல் பின்னால் சாய, பட்டை இடுப்பை இறுக்கியது. நெம்புகோலைத் தள்ளினாள். எடுத்தாள். மறுபடி தள்ளினாள்.

காற்று ஓங்கி அடித்தது. கேமராக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசலின் இரண்டு ஓரங்களும் விலகின, பிறகு சேர்ந்தன. செங்கல் தூள் பொலபொலவென்று கொட்டியது.

"அண்ணே, இது திறந்து மூடுது."

அண்ணன் கை அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது.

கீழே சங்கு ஊதியது. அவள் முதல்முறையாகக் குனிந்து பார்த்தாள். தேநீர்க் கோப்பைகளோடு ஆட்கள் முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். வெயிலுக்கு ஒதுங்கிப் புகைபோக்கியின் நீண்ட நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவள் கத்தினாள், காற்று குரலை வேறெங்கோ கொண்டுபோனது. ஒருவர் மட்டும் அண்ணாந்து பார்த்துக் கையசைத்துவிட்டு, பின்னால் வந்தவருக்கு நிழலில் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.