வாய்விட்டு யோசித்தல்

"மனசுக்குள்ளயே யோசிச்சா அவங்களுக்கு எப்படிக்கா தெரியும்? வாய்விட்டு யோசி," என்றான் தம்பி. அவனும் மென்பொருள் வேலைதான் பார்க்கிறான். அக்காவை இப்போது நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கும் பெரிய கம்பெனி, முன்பு இரண்டு முறை அவனை வாசல்வரை வரவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தது.

அவளுக்கு இது நேர்காணலின் கடைசிச் சுற்று. மகள் பிறந்தபோது வேலையை விட்டவள். அதன் பிறகு அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். இந்த ஒரு கம்பெனிதான் கூப்பிட்டது. இதையும் கோட்டைவிட்டால் இனித் தன்னை யாரும் சீந்தமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே பழகினாள். துணி மடிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும், "முதல்ல சின்னதா ஒரு உதாரணம் எடுத்துக்கறேன். இது சரிவருமான்னு பார்க்கறேன்..."

மாமியார் எட்டிப் பார்த்தார். "யார்கிட்டம்மா பேசற?"

"யார்கிட்டயும் இல்ல அத்தை. யோசிக்கறேன்."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்? நாங்கல்லாம் காலம்பூரா சத்தமில்லாமதான் யோசிச்சோம்."

கணவன் சிரித்தான். "இவ மனசுல என்ன ஓடுதுன்னு எனக்கே இன்னும் தெரியாது. அவங்களுக்கு ஒரு மணி நேரத்துல தெரியணுமாம்!"

அவளும் சிரித்தாள். ஆனால் சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். வாயைத் திறந்தால் எண்ணம் கலைந்துவிடும்.

நேர்காணல் நாளன்று மாமியார் குழந்தையைப் பூங்காவுக்கு அழைத்துப் போய்விட்டார். திரையில் வந்தவன் இளைஞன், மரியாதையாகப் பேசினான். கிடங்கிலிருந்து பொட்டலங்களை மிகக் குறைந்த நடையில் லாரிகளில் ஏற்ற வேண்டும், அதற்கு நிரல் எழுத வேண்டும்.

"முதல்ல சின்னதா ஒரு உதாரணம்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் வழி பளிச்சென்று தெரிந்துவிட்டது. பேச்சு நின்றது. வழக்கம்போலப் பார்வை பக்கத்துச் சுவருக்குப் போய்ப் போய் வந்தது. பிறகு ஒரே மூச்சில் எழுதினாள். முதல் ஓட்டத்திலேயே சரியாக வந்தது.

"சரியா இருக்கு. எப்படி யோசிச்சீங்க?"

வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் சுவடே இல்லை. தம்பி சொல்லிக்கொடுத்தபடி ஒரு வழியைக் கட்டினாள். "முதல்ல எல்லா வரிசையையும் போட்டுப் பார்த்தேன். அப்புறம் தேவையில்லாததைக் கழிச்சேன்..."

"அப்படிப் போனா நிரல்ல இந்த வரி வராதே?"

உண்மைதான், வராது. சரியான விடைக்குப் போய்ப் பொய் சொல்லியிருக்கிறாள்.

"தப்பா நினைக்காதீங்க. பக்கத்துல வேற திரை ஏதாவது இருக்கா? அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தீங்க."

"சுவர்தாங்க இருக்கு."

"கேமராவைக் கொஞ்சம் திருப்பிக் காட்ட முடியுமா?"

மடிக்கணினியைத் தூக்கிக் காட்டினாள். ஈரம் பூத்த சுவர், கொடியில் காயாத துணிகள், கட்டிலில் தலைகுப்புறக் கிடந்த பொம்மை. திருட்டுச் சாமான் தேட வந்தவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டதுபோல உடம்பு கூசியது. ஒன்றும் இல்லை என்பதை வேறு எப்படித்தான் காட்டுவது? ஒளித்துவைத்துவிட்டாள் என்றும் நினைக்கலாமே.

"நன்றிங்க," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். இந்த முறை எடுத்துக்கொள்ள முடியவில்லையாம்.

"நான் எதையும் பார்த்து எழுதலைங்க."

"காரணம் எனக்குத் தெரியாதுங்க மேடம். முடிவு மட்டும்தான் எனக்கு வரும்."

"இன்னொரு கேள்வி கொடுக்கச் சொல்லுங்க. இப்பவே போடறேன்."

"ஆல் த பெஸ்ட் மேடம்," என்றாள் அந்தப் பெண். குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் தம்பி பேசினான். "என்னக்கா ஆச்சு? விடை வரலையா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் அவன் நம்புவான். ஆனால் நம்புவதற்கு முன்னால் ஒரு நொடி பேசாமல் இருப்பான். அந்த ஒரு நொடியை நினைத்துப் பார்த்தாள்.

"நேரம் பத்தலடா," என்றாள்.

அவன் உடனே நம்பினான்.