ரூனா இப்படிச் செய்ய மாட்டாள்

"நிறுத்துப்பா," என்றாள் ஹில்லா. மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்ததால் குரல் மெலிந்து வந்தது. "ரூனா இப்படிச் செய்ய மாட்டா."

அவளுடைய அப்பா அர்வோ மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தார். பேருந்து எஞ்சின்களைக் கழற்றி மாட்டிய விரல்களுக்கு அந்த விசைகள் மிகச் சிறியவை.

ரூனா ஒரு தொலைக்காட்சித் தொடரில் வரும் கப்பல் கேப்டன். தொடர் முடிந்த பிறகும் அவளை வைத்து ஹில்லா இணையத்தில் கதை எழுதிவந்தாள். இந்த வாரம் அவளால் தட்டச்சு செய்ய முடியவில்லை. அடுத்த அத்தியாயத்தை அப்பாதான் எழுத வேண்டும் என்றாள். காரணத்தையும் மறைக்கவில்லை.

"என் சவப்பெட்டிமேல பூ வைக்கிறப்போ ஏதாவது வாசிக்கணும்ல? பூக்கடையில அச்சடிச்சு வச்சிருக்கிற நாலு வரி எனக்கு வேண்டாம். அதுக்குள்ள எழுதிப் பழகு."

மருத்துவமனை அறையின் ஜன்னலோரம் அர்வோவின் அக்கா மர்யத்தா கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். பின்லாந்தின் ஓலு நகரில் பின்னிஷ் மொழி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்.

"அடுத்தவன் செஞ்ச பொம்மைக்குச் சட்டை மாட்டினா எழுத்து வந்துடுமாக்கும்!"

"புதுசா எழுத வர்றவங்களுக்கு ஆளைச் செய்யத் தெரியாது அத்தை. அதான் ஏற்கெனவே செஞ்சு வச்ச ஆளை எடுத்துக்கிறது. அவ என்ன செய்வான்னு பார்த்தா போதும். உங்க தம்பி அதையே தப்பாப் பார்த்திருக்காரு."

"அப்படி என்னடா எழுதின?"

அர்வோ தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். 'கப்பல் மருத்துவர் ஊசி போட வந்தார். ரூனா அவருடைய நாயைப் பற்றி விசாரித்தாள். ஊசி இறங்கும்போது மட்டும் பேச்சை நிறுத்தினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.'

ஹில்லாவின் சிரிப்பு இருமலில் முடிந்தது. "ரூனா யாரோட நாயைப் பத்தியும் கேக்க மாட்டா. வாசகர்கள் உன்னைக் கிழிச்சுடுவாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இது ரூனா இல்லப்பா."

காலையில் ஊசி போட வந்த செவிலியின் நாயைப் பற்றி விசாரித்தவள் ஹில்லாதான். மர்யத்தாவின் கைகள் பின்னுவதை நிறுத்தியிருந்தன.

"அழிச்சிடவா?"

"வேண்டாம். அடுத்த வரி எழுது."

அதை எழுதுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். மாலையில், தூக்கத்திலேயே, மூச்சு நின்றது.

பூக்கடையில் மர்யத்தா அச்சிட்ட அட்டைகளைப் புரட்டினாள். "இது நல்லாருக்கு பாரு. 'விண்மீன்களுக்கு நடுவே உறங்கு'ன்னு. அத்தனை பேர் முன்னாடி நீ திக்கிக்கிட்டு நிக்கிறதை என்னால பார்க்க முடியாதுடா."

அர்வோ கடைக்காரியிடம் திரும்பினார். "எதுவும் எழுதாத அட்டை இருந்தா குடுங்க."

தேவாலயத்தில் ஒவ்வொருவராகப் பூ வைத்து வாசிக்க வேண்டும்; முதலில் அவர். வெள்ளைப் பெட்டியின்மேல் பூங்கொத்தை வைத்தார். அட்டையைப் பிரித்தார். முதல் சொல்லில் குரல் அறுந்தது. மறுபடி தொடங்கினார்.

'குளிர்காலத்தில் ஹில்லா தொப்பி போட மாட்டாள். வாசலில் நான் நீட்டுவேன். வாங்கிக் கோட்டுப் பையில் திணித்துக்கொள்வாள். தெருமுனையில் நின்று, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்ப்பாள்.'

அவ்வளவுதான்.

பெட்டி மூடியின் சரிவில் பூங்கொத்து மெல்ல வழுக்கியது. அர்வோ அதை மேலே தள்ளினார். கையை எடுத்ததும் மறுபடி வழுக்கியது.

"போதும், வாடா," என்றாள் மர்யத்தா, பின்னாலிருந்து, மிகத் தணிந்த குரலில்.

அவர் பூங்கொத்தை மீண்டும் மேலே தள்ளினார். இந்த முறை கையை எடுக்கவில்லை.