இந்த வார்டில் குடியிருப்பவள்

பஞ்சாயத்திலிருந்து வந்த நோட்டீசை லேகா மூன்று தடவை வாசித்தாள். வார்டு வாக்காளர் பட்டியலில் இருந்து அவள் பெயரை நீக்கச் சொல்லி யாரோ ஆட்சேபம் கொடுத்திருக்கிறார்கள். அவள் இந்த ஊரில் குடியிருக்கவில்லையாம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு செக்ரட்டரி முன்னால் ஆஜராக வேண்டும்.

பத்தொன்பது வயது மகனை இந்த வீட்டு முற்றத்தில் கிடத்தி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

பிரதீஷ் பைக்கில் ஐ.டி.ஐ.க்குப் புறப்பட்டது காலை ஒன்பது மணிக்கு. விடாத ஆனி மழை. வளைவில் ஒரு பாறமடை கிடக்கிறது. கல்லை வெட்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டுப் போன குழி. அன்றைக்கு அது ரோட்டு மட்டத்துக்கு நிறைந்து, எது ரோடு எது தண்ணீர் என்று தெரியாமல் கலங்கிக் கிடந்தது. அவனை எடுக்க நான்கு மணி நேரம் ஆயிற்று. பைக்கை எடுக்க இரண்டு நாள்.

குழிக்கு வேலி போட வேண்டுமென்று கிராமசபையில் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள். மெம்பர் சிவபிரசாத் இரண்டு தடவையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார். நிலம் அவருடைய மைத்துனனுடையது. அந்த இரண்டு சபைக்கும் லேகா போகவில்லை. அவள் ஓட்டும் போட்டதில்லை. ஓட்டு நாளில் நூறுநாள் வேலை கிடையாது. பாய், போர்வை எல்லாம் துவைத்துக் காயப்போட அவளுக்கு அது தோதான நாள். ஓட்டுக் கேட்டு நோட்டீசோடு வருகிறவர்களிடம், "எனக்கு அதில தால்பரியம் இல்ல, இஷ்டமும் இல்ல" என்று சொல்லி வாசலிலேயே அனுப்பிவிடுவாள். மகன் போன பிறகுதான் அந்தச் சொல் ராத்திரியும் பகலும் அவள் காதில் கேட்க ஆரம்பித்தது.

இந்தத் தடவை பஞ்சாயத்துத் தேர்தலில் சிவபிரசாதை எதிர்த்து ஜெயபாய் நின்றாள். நூறுநாள் வேலையில் லேகாவோடு மண் சுமப்பவள். அவள் தேர்தல் நோட்டீசில் முதல் வரியே பாறமடைக்கு வேலி. போன தேர்தலில் சிவபிரசாத் ஜெயித்தது பதினொரு ஓட்டில். லேகா ஜெயபாயோடு வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கினாள். மூன்றாம் வாரம் இந்த நோட்டீஸ் வந்தது.

ஆட்சேபம் முழுப் பொய்யும் இல்லை. இவள் ஊர் கேரளப் பக்கம்; களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், தம்பி ரெஜி இருக்கிறான். ஐந்து வருஷம் முன்னால் அவன்தான் சொன்னான்: "எக்கா, எனக்க விலாசத்தில ஒரு கார்டு எடுத்து வைப்போம். மாசம் அரிசி உண்டு, பொங்கலுக்கு கரும்பும் உண்டு." ஆதாரில் விலாசம் மாறியது. ரேஷன் கார்டு வந்தது. கூடவே ஓட்டுக் கார்டும் வந்தது. எல்லை ஓரத்தில் பாதி வீட்டில் இதுதான் நடப்பு. தப்பு என்று யாரும் நினைத்ததில்லை.

ரெஜிக்கு அழுதுகொண்டே போன் போட்டாள்.

"இதுக்கா கரையுக? பாறமடைக்காரன், மெம்பருக்க அளியன், அவனுக்கே இங்க கார்டு உண்டு."

"அவனுக்கு நோட்டீஸ் வந்துதா?"

"அவனுக்கு யாரு விடுவா?" ரெஜி கொஞ்சம் யோசித்தான். "எக்கா, போவாண்டாம். ஒரு ஓட்டுதானே, போனா போட்டு. அங்க போய் என்னத்தையாவது எழுதி ஒப்பிட்டுக் குடுத்தா அரிசி நின்னு போவும்."

"அரிசி எனக்கு ஒருத்திக்குத்தானே மக்கா" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீசுக்கு மெம்பரின் ஆளாகக் காந்திமதிநாதன் வந்திருந்தார். தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலை பிரிண்ட் எடுத்து, லேகாவின் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.

செக்ரட்டரி சின்ன வயதுப் பெண். "இது நிங்கள்தானே?"

"நான்தான்."

"அப்ப இங்க தாமசம் இல்ல?"

"இங்கதான் தாமசம். இருபத்திரெண்டு வருஷமாட்டு இதே வீட்டில."

"ஏதெங்கிலும் ரேகை, காகிதம் உண்டா?"

கரண்டு பில் செத்துப்போன புருஷன் பொன்னப்பன் பெயரில். ஆதாரும் ரேஷன் கார்டும் ரெஜியின் விலாசத்தில். பிளாஸ்டிக் கவரில் இன்னும் ஒரு காகிதம் இருந்தது. அதை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. செக்ரட்டரி கடிகாரத்தைப் பார்த்தாள். லேகா எடுத்து மேசையில் வைத்தாள்.

இதே ஆபீஸ் கொடுத்த மரணச் சான்றிதழ். பெயர் பிரதீஷ். தாயின் பெயர் லேகா. வீட்டு எண்ணும் வார்டு எண்ணும் அச்சடித்திருந்தது.

காந்திமதிநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அது பையனுக்க விலாசமாக்கும்."

"ஓ, அவனுக்க விலாசம்தான்" என்றாள் லேகா. "அம்மை இல்லாத வீட்டில அவன் தனியாட்டா கெடந்தான்? அவனுக்குச் சோறு ஆரு போட்டா, நீங்களா?"

 அந்தப் பக்கத்துப் பெயரையும் கார்டையும் விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தால் இங்கே பெயர் இருக்கும் என்றாள் செக்ரட்டரி. லேகா எழுதிக் கொடுத்தாள். அந்த மாதத்தோடு அரிசி நின்றது. ரெஜி போன் போடுவதும் நின்றது.

ஓட்டு நாளன்று காலை ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் போட்டுவிட்டாள். பொத்தானை அமுக்கியபோது வந்த பீப் ஒலி இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இத்தனை வருஷம் இதைப் போடாமலா இருந்தோம் என்று நின்றுவிட்டாள். "அம்மா, கழிஞ்சது, போலாம்" என்றார் அதிகாரி.

நாலரை மணிக்கு ஜெயபாய் பட்டியலோடு ஓடி வந்தாள்; ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஓட்டுப் போட வராதவர்களில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவும் மகள் நந்தனாவும் மருமகனும் இருந்தார்கள். அங்கே போனால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"முட்டு வேதனை, எட்டி. வரிசையில நிக்க முடியாது" என்றாள் கிருஷ்ணம்மா.

"ஆட்டோ பிடிச்சுத் தாறேன்."

நந்தனா டி.வி.யை விட்டுத் திரும்பவில்லை. "சேச்சி, ஓட்டுப் போட்டா பிரதீஷ் வருவானா?"

"வரமாட்டான்."

அதற்குமேல் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தாள். சொல்லிவிட்டாள். "உனக்க மவன் அந்த வளைவு வழியாட்டுத்தானே நர்சரி வேனுக்குப் போறான்?"

"வீட்டில வந்து சாபம் போடாதுங்க" என்று நந்தனா உள்ளே போய்விட்டாள். டி.வி. சத்தம் கூடியது.  லேகா படியில் உட்கார்ந்தாள்.

"எந்திரி, லேகா. நாட்டுக்காரு பாக்குகாவ" என்றாள் கிருஷ்ணம்மா.

"பாக்கட்டு. நீங்க எறங்குகது வர நான் இங்கதான்."

ஐந்தேகால். ஐந்து இருபத்தைந்து. முற்றத்தில் நந்தனாவின் பிள்ளை ஓலைத் துண்டால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். லேகா அவனைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அழுகைச் சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். டி.வி. நின்றது.

"அம்மைக்க கார்டு எங்க?" என்று நந்தனா யாரிடமோ எரிந்து விழுந்தாள்.

ஆட்டோ பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது ஆறுக்கு எட்டு நிமிஷம் இருந்தது. மூன்று பேரும் உள்ளே போனார்கள். லேகா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். யாருக்குப் போடப் போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று தெரியும். போலீஸ்காரர் கேட்டைச் சாத்தினார். கை கடுத்தது. பிள்ளை இறங்க வேண்டும் என்று நெளிந்தான். அவள் இறக்கிவிடவில்லை.